தலைக்கு எது: வண்டி ஹெல்மெட்டா, சைக்கிள் ஹெல்மெட்டா, ஸ்கேட் ஹெல்மெட்டா?

"வண்டி ஹெல்மெட்டு ரெண்டு சும்மாதானே கெடக்குது, அதையப் போட்டுட்டு ஓட்டட்டும்." சரவணம்பட்டி வீட்டுக்கு மகளின் ஸ்கேட்போர்டு வந்த அன்று அம்மா சொன்ன யோசனை இது. நானும் தலையாட்டிவிட்டேன்.

போட்டுப் பார்த்ததும்தான் தெரிந்தது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, அடி தாங்கும், செலவும் இல்லை. ஆனால் கிலோவுக்கு மேல் கனம். பத்து வயசுக் கழுத்து அதைச் சுமந்துகொண்டு பலகைமேல் நிலையாக நிற்க முடியவில்லை. காதும் அடைத்துவிடும், பின்னால் டெம்போ வந்தால் கேட்காது. முதல் நாளே கழித்துக் கட்டினோம்.

சைக்கிள் ஹெல்மெட் லேசு, காற்றும் நன்றாகப் போகும். கோவை ஏப்ரலில் அது சின்ன விஷயமில்லை. சிக்கல் உள்ளே இருக்கிற தெர்மாகோல் மாதிரியான நுரையில். பலமான ஒரு அடியில் தான் நசுங்கித் தலையைக் காப்பாற்றும்; நசுங்கினது திரும்ப எழாது, வெளியே கீறல்கூடத் தெரியாமல் போகலாம். சைக்கிளில் எப்போதாவது விழுகிறோம், சரி. பலகை பழகுகிற பிள்ளை ஒரு சாயந்திரத்திலேயே பத்துத் தடவை விழும். அதிலும் பலகை முன்னால் நழுவி ஓட, ஆள் மல்லாக்க விழுந்தால் அடி படுவது பின்மண்டையில்.

ஸ்கேட் ஹெல்மெட் அந்தப் பின்மண்டை வரை இறங்கி நிற்கும். ஏஎஸ்டிஎம் எஃப்1492 (ஸ்கேட் ஹெல்மெட்டுக்கான அமெரிக்கத் தர எண்) என்று உள்ளே ஒட்டியிருந்தால், பல அடிகளுக்குச் சோதித்தது என்று அர்த்தம். சைக்கிளும் ஓட்டும் பிள்ளையென்றால் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான அமெரிக்க சிபிஎஸ்சி முத்திரையும் சேர்ந்திருப்பதாகப் பாருங்கள். உருண்டை வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள்: ஒரு கடையில் அப்படி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஓட்டுக்கு அடியில் வெறும் பஞ்சு! முத்திரையுள்ள ஸ்கேட் ஹெல்மெட் விலை கூடுதல், வேர்க்கும். இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான்.

மணிக்கட்டுக் காப்பு உறை வேண்டுமா என்ற விவாதமே வேண்டாம், கட்டாயம் வேண்டும். விழும்போது கை தானாக முன்னே போகும்.

இன்னொன்று சக்கரம். சக்கரத்தில் போட்டிருக்கும் ‘ஏ’ எண் அதன் கெட்டித்தன்மையைச் சொல்லும். 99ஏ என்று போட்ட கெட்டியான சின்னச் சக்கரம் வழுவழுப்பான தரைக்கு. குழாய்க்குத் தோண்டி மூடிய எங்கள் தெருவில் ஒரு ஜல்லிக்கல் போதும், பலகை அப்படியே நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பார். 78ஏ, 60 மில்லிமீட்டர் மாதிரி மெத்தென்ற பெரிய சக்கரம் அதே கல்லை ஏறிக் கடந்துவிடும்.

மூன்றாம் நாள் சாயந்திரம் ஹெல்மெட்டின் பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வண்டி ஹெல்மெட்டைப் பரணில் ஏற்றிவிட்டார்.