இந்தியன் கானூனா, எஸ்.சி.சி. ஆன்லைனா?
மூட் கோர்ட்டுக்கு (மாதிரி நீதிமன்றப் போட்டி) மெமோரியல், அதாவது எழுத்துபூர்வ வாதம், எழுதும் சட்ட மாணவர்கள் பலருக்கும், தீர்ப்புகளைத் தேட இந்த இரண்டு இணையதளங்களில் எது என்ற குழப்பம் வருகிறது.

செலவு: கானூனில் தீர்ப்பைத் தேடிப் படிக்கக் காசு வேண்டாம். எஸ்.சி.சி.க்குச் சந்தா உண்டு, சொந்தக் காசில் கட்டுவது மாணவருக்குப் பாரம்தான், அதனால் கல்லூரி நூலகத்தில் லாகின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஹெட்நோட்: எஸ்.சி.சி.யில் ஆசிரியர் குழு தீர்ப்பின் சாரத்தை எழுதித் தருகிறது. நேரம் மிச்சம், சரி. ஆனால் அது நீதிபதி எழுதியதல்ல, அதைத் தீர்ப்பின் வாசகம்போல மேற்கோள் காட்டவே கூடாது. கானூனில் முழுத் தீர்ப்பையும் படித்து எது ரேஷியோ (தீர்ப்புக்கு அடிப்படையான சட்டக் காரணம்), எது போகிற போக்கில் சொன்னது என்று நீங்களே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும், எழுத்துப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இன்னும் செல்லுமா: இங்கேதான் எஸ்.சி.சி. முந்துகிறது. நெருக்கடிநிலைக் காலத்தில் வந்த 1976-இன் ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு 2017-இல் புட்டசாமி வழக்கில் (தனியுரிமை வழக்கு) தூக்கி எறியப்பட்டது. இதுபோன்ற பின்கதையை எஸ்.சி.சி. தொகுத்துக் காட்டும்; கானூனில் பின்னால் வந்த வழக்குகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சைட்டேஷன் (தீர்ப்பைக் குறிப்பிடும் எண்): உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எந்தப் பதிப்பகத்தையும் சாராத நியூட்ரல் சைட்டேஷன் வந்துவிட்டது, எஸ்.சி.ஆர். என்ற அதிகாரபூர்வ தீர்ப்புத் தொகுப்பும் 2023 முதல் இணையத்தில் இலவசம். அதனால் இதற்காக மட்டும் எஸ்.சி.சி.யை நம்பியிருக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு ஆண்டு மாணவருக்குக் கானூனே போதும். மெமோரியலைச் சமர்ப்பிக்கும் முன்பு மட்டும் எஸ்.சி.சி.யில் ஒவ்வொரு வழக்கையும் சரிபாருங்கள்.