துடைக்காமல் விடத் தெரிந்த கடை: பழைய படங்களும் நெகட்டிவும் புதுச்சேரியில் ஸ்கேன் செய்த அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டி, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, ஓடுகள் பறந்த இடத்தின் வழியே இறங்கிய மழையில் நனைந்தது. அன்றைக்கு அரிசியையும் பத்திரங்களையும் காப்பாற்றுவதே பெரிதாக இருந்ததால், பெட்டிக்குள் இருந்த படங்களை வெயிலில் காயவைத்து, அப்படியே மீண்டும் அடுக்கி மூடிவிட்டோம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து மழை கொட்டியபோதுதான், இன்னொரு முறை நனைந்தால் இவற்றில் எதுவுமே மிஞ்சாது என்ற அச்சம் எனக்கு வந்தது. பெட்டியைத் திறந்து எண்ணியபோது 191 அச்சுப் படங்களும், தனித்தனியாக வெட்டியும் பட்டைகளாகவும் 160 நெகட்டிவ் சட்டகங்களும் இருந்தன. பலவற்றில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. சிலவற்றின் ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது.

இந்த வேலையை எங்கே கொடுப்பது என்று இவ்வளவு யோசித்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், என் ஆயாவின் (பாட்டியின்) திருமணப் படத்தை வேறொரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டிய படம் அது. கடைப் பையன் தூசியைப் போக்குவதாக எண்ணி ஈரத் துணியால் ஒரு முறை இழுத்தான். புடவைக் கரையின் சிவப்பு துணியோடு வந்துவிட்டது. அத்தகைய படங்களில் பலவற்றுக்கு நீரில் கரையும் வண்ணத்தையே பயன்படுத்தினார்கள் என்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தச் சிவப்பு இனித் திரும்பாது. ஆகவே ஸ்கேனரின் திறனைவிட, ஸ்கேனருக்கு முன்னால் படத்தைத் தொடும் கை எத்தகையது என்பதைப் பார்த்துத்தான் இந்த முறை கடையைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் சென்ற கடை காந்தி வீதியிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில் உள்ள சிறிய ஸ்டுடியோ. நடத்துபவர் இருட்டறையில் படம் கழுவிய காலத்தைச் சேர்ந்த பெரியவர். உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாகவே வேலை பார்ப்பதால், கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதை மதித்தே இதை எழுதுகிறேன்.

பெட்டியைக் கொடுத்தவுடன் ரசீது எழுதி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ என்னை உட்காரச் சொல்லி, ஜன்னலோர மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒவ்வொன்றாக எடுத்து வகை பிரித்தார். நெகட்டிவ் உறை ஒவ்வொன்றையும் திறந்தவுடன் முகர்ந்தும் பார்த்தார். புளித்த காடியின் வாசனை வந்த உறைகளைத் தனியே ஒதுக்கி, “இதை மத்ததோட வைக்காதீங்க சார், இதோட ஆசிட் பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடும்” என்றார். அசிட்டேட் பிலிமின் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. கடற்கரை ஊரில், ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரண் அதற்கு ஏற்ற இடமாக அமைந்துவிட்டது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

துடைக்கும் முறை மிக எளிமையானது. அந்த எளிமையில்தான் அவருடைய நிதானம் தெரிந்தது. முதலில் ரப்பர் பல்பால் காற்றை ஊதித் தூசியை அகற்றுகிறார். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறித்துக் கறை விழும் என்பதால் அதை ஒருபோதும் செய்வதில்லை. அடுத்து மென்மையான பிரஷை நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரே திசையில் இழுக்கிறார். பெரும்பாலான அச்சுப் படங்களுக்கு இதோடு வேலை முடிந்தது. நெகட்டிவில் விரல் பட்ட எண்ணெய்க் கறை இருந்தால் மட்டும், 99 விழுக்காடு தூய்மையுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாக நனைத்து, பளபளப்பான பக்கத்தில், படம் இல்லாத ஓரத்தில் சோதித்த பிறகே தொடுகிறார். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டுத் திரவம் ஏன் கூடாது என்று கேட்டேன். மீதி முப்பது பங்கு தண்ணீர்தானே என்றார். மங்கலான பக்கத்தில் இருப்பது படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம். தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். பூசணம் தின்ற ஜெலட்டினோ தண்ணீரில் கரைந்தே போகும். வீட்டில் நாமே துடைக்க நினைப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

ஸ்கேனரே தூசியை நீக்கிவிடும் என்று விளம்பரங்களில் படித்திருந்ததால், இத்தனை கைவேலை எதற்கு என்ற ஐயம் எனக்கு இருந்தது. அந்த வசதி அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு இயங்குகிறது. வண்ண நெகட்டிவில் சாயம் அந்த ஒளியைத் தடுக்காது, தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே இயந்திரம் இரண்டையும் பிரித்தறிகிறது. வெள்ளியால் ஆன கறுப்பு வெள்ளை நெகட்டிவிலோ படமே அந்த ஒளியைத் தடுப்பதால், எது படம், எது தூசி என்று இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. எங்கள் பெட்டியில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிமின் காலி அட்டைப் பெட்டி ஒன்றுகூட உள்ளே கிடந்தது. இவற்றுக்கு ஊதுபல்பும் பிரஷும்தான் கதி. அச்சுப் படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவிலும், 35 மில்லிமீட்டர் நெகட்டிவை 3,200 அளவிலும், அதைவிடப் பெரிய 120 பிலிமை 2,400 அளவிலும் ஸ்கேன் செய்தார். தெளிவில் எனக்குக் குறையே இல்லை. தாத்தாவின் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப் வரை தெரிகிறது.

பெட்டியிலிருந்த 11 படங்களையும் 20 நெகட்டிவ் சட்டகங்களையும் அவர் துடைக்க மறுத்துவிட்டார். உள்ளபடியே படமாக்கித் தந்து, அவற்றுக்குக் கட்டணமும் வாங்கவில்லை. நான்கு படங்கள் பிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தன. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்பதால், பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடி வழியாகவே கேமராவில் எடுத்தார். இன்னொன்று கொள்ளுத் தாத்தாவின் படம். அதன் கண்ணாடி எப்போதோ உடைந்துபோக, அமாவாசைதோறும் ஆயா சந்தனப் பொட்டைப் படத்தின் மேலேயே நேராக வைத்து வந்திருக்கிறார். உதிரும் நிலையில் இருந்த பொடியை மட்டும் கடைக்காரர் பிரஷால் எடுத்தார். ஜெலட்டினில் ஊறிப் பிடித்திருந்ததைச் சுரண்டவில்லை. கணினியில் அழித்துத் தரட்டுமா என்று கேட்டார். தம்பி அழிக்கச் சொன்னான். தொலைபேசியில் கேட்டபோது அத்தை, “அது எங்கம்மா வச்ச பொட்டுடா, இருக்கட்டும்” என்றார். இரண்டு விதமாகவும் வாங்கிக்கொண்டேன். அத்தை வீட்டுக் கூடத்தில் பொட்டோடு இருக்கும் படம்தான் மாட்டியிருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 15 நாளில் தருவதாகச் சொன்னவர் 26 நாள் எடுத்துக்கொண்டார். மழை நாளில் நெகட்டிவ் உறைகளைத் திறப்பதில்லை என்ற அவருடைய வழக்கம் சரியானதுதான். ஆனால் அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். படங்களை முதலில் ஜேபெக் வடிவில் மட்டும் கொடுத்தார். சுருக்கப்படாத டிஃப் கோப்புகளைக் கேட்ட பிறகு, தனியாக 500 ரூபாய் பெற்றுக்கொண்டு தந்தார். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது, படங்களின் பின்புறத்தை அவர் ஸ்கேன் செய்யாதது. ஆயாவின் அண்ணன் வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்தவர்; அங்கிருந்து அவர் அனுப்பிய படங்களின் பின்னால் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய வரிகளும் 1949 என்ற ஆண்டும் உள்ளன. முன்பக்கத்தில் இருப்பவர் யார் என்பதே அந்த வரிகளால்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டவுடன் மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தார் என்றாலும், இத்தகைய கடையில் அது கேட்காமலே நடக்க வேண்டிய வேலை. கொடுப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கட்டணம் அச்சுப் படத்துக்கு 35 ரூபாய், நெகட்டிவ் சட்டகத்துக்கு 20 ரூபாய். 180 படங்களுக்கும் 140 சட்டகங்களுக்கும் டிஃப் கோப்புகளுக்கும் சேர்த்து மொத்தம் 9,600 ரூபாய் ஆனது. வெறும் ஸ்கேன் மட்டும் செய்யும் கடைகளைவிட இது அதிகம். கை பட்ட நேரத்தைப் பார்க்கும்போது குறைவு என்பதே என் கணிப்பு. நேற்று எடுத்த படங்களைப் போல நன்றாக இருப்பவற்றை இவரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை. பூசணமோ, நனைந்த கறையோ, கை வண்ணமோ உள்ளவற்றுக்கு இவரையே சொல்வேன்.

மூலப் படங்களைப் பிளாஸ்டிக் உறைகளிலிருந்து எடுத்து, அமிலமற்ற தாள் உறைகளில் இட்டு, உறையின் மேல் பென்சிலால் எண் எழுதித் தந்தார். காடி வாசனை வந்தவை தனி அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டும் இப்போது பரணில் இல்லை, கூடத்து அலமாரியின் நடுத்தட்டில் இருக்கின்றன. அத்தை வீட்டில் இன்னொரு பெட்டி உண்டு. பொங்கல் கழிந்து காற்றில் ஈரம் குறைந்ததும் அதைக் கொண்டுவரும்படி கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.