‘புத்தம் புதிதாக்கித் தருகிறேன்’ என்பவரிடம் பழைய பைப்பை ஒப்படைக்காதீர்கள்

புகையிலை புகைக்கும் பழைய பைப்புகளைச் சீர்செய்யும் பழக்கம் உள்ளவர்களும், தாத்தா விட்டுப்போன சுங்கான் ஒன்றை அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பவர்களும் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னை நம்பி ஒருவர் கொடுத்த பொருளை, நான் இன்னொருவரை நம்பிக் கொடுத்தேன். அது பாழாகித் திரும்பி வந்திருக்கிறது. இனி எவருக்கும் அப்படி நேரக்கூடாது.

லண்டனில் வெம்பிளிப் பக்கம் வசிக்கிறேன். எனக்குப் புகைபிடிக்கும் பழக்கம் இல்லை. ஆனால் பைப் செதுக்கும் பிரையர் மரத்தின் மேல் தீராத ஆசை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை போர்ட்டபெல்லோ சாலைச் சந்தையில், கரி அப்பி விளிம்பு கறுத்துக் கிடந்த ஒரு பைப்பை நான்கு பவுண்டுக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தபோது, அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து தீச்சுடர் போன்ற மரவரிகள் எழுந்து வந்தன. அன்றிலிருந்து இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட பைப்புகளைக் கையாலேயே சீர்செய்திருக்கிறேன். புகையிலை இடும் கிண்ணத்தில் உப்பை நிரப்பி, ஆல்கஹால் ஊற்றி, ஓர் இரவு விட்டுவிட்டால், மறுநாள் காலையில் உப்பு தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். ஐம்பது ஆண்டுப் புகையிலை வாடை அதில் இறங்கியிருக்கும். அந்தக் காலைப் பொழுதுக்காகவே இந்த வேலையைச் செய்பவன் நான்.

என் பக்கத்து வீட்டில் எண்பத்தொரு வயது ஐரிஷ் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். என் பிள்ளைகள் அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். சென்ற ஆண்டு அவர் கணவர் இறந்தார். சில மாதங்கள் கழித்து, பாட்டி ஒரு கைக்குட்டையில் சுற்றிய பைப்பை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். கணவரின் தந்தை டப்ளினில் வாங்கியதாம். மகன் கட்டட வேலை தேடி லண்டனுக்குக் கப்பலேறியபோது அதைத் தந்து அனுப்பினாராம். அப்பாவும் மகனுமாக இரண்டு தலைமுறை வாயில் வைத்திருந்த பைப். “தண்டில் விரிசல் விட்டிருக்கிறது. உடைந்துவிடாமல் பார்த்துக் கொடு, அது போதும்” என்றார்.

பீட்டர்சன் சிஸ்டம் பைப் அது. லாட்வியாவிலிருந்து டப்ளினுக்கு வந்து குடியேறிய சார்ல்ஸ் பீட்டர்சன் 1890-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. புகைப்பாதைக்குக் கீழே தண்டுக்குள் ஒரு சிறு குழி இருக்கும். ஈரம் அதில் தங்கிவிடும், வாய்க்கு வராது. வாய்க்குழலின் நுனியும் தனி வகை: துளை முனையில் இல்லாமல் மேற்புறமாகத் திறக்கும், புகை நாக்கைச் சுடாமல் மேலே போகும். இதைப் பி-லிப் என்பார்கள். தண்டின் முனையில், உலக்கைக்குப் பூண் கட்டியதுபோல, வெள்ளிப் பூண்.

பூணைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். டப்ளின் வெள்ளிச் சோதனைச் சாலையின் மூன்று முத்திரைகளும் இருந்தன: அமர்ந்திருக்கும் ஹைபர்னியா என்னும் பெண்ணுருவம், முடிசூடிய யாழ், எந்த ஆண்டு சோதித்தார்கள் என்பதைச் சொல்லும் ஓர் எழுத்து. (பீட்டர்சன் வாங்குவோர் கவனிக்க: ஷாம்ராக் இலை, வேட்டைநாய், வட்டக் கோபுரம் என்று மூன்று உருவங்கள் இருந்தால் அது வெள்ளி முத்திரை அல்ல. நிக்கல் பூணில் போடும் அலங்காரம். அதைக் காட்டியே வெள்ளி என்று விற்பவர்கள் சந்தையில் இருக்கிறார்கள்.) தண்டின் வலப்பக்கத்தில், மரத்தில் பதித்த சின்ன எழுத்துகளில் ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்று இருந்தது. அயர்லாந்துக்கு அந்தப் பெயர் 1922 முதல் 1937 வரை மட்டுமே இருந்தது. பாட்டியின் மாமனார் எந்தக் காலத்தில் அதை வாங்கினார் என்பதற்கு வேறு ரசீது தேவையில்லை. அந்த மூன்று சொற்களே போதும்.

வாய்க்குழல் எபனைட். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறும். இதுவும் மாறியிருந்தது. அடிப்பக்கத்தில், இடப்புறமாக, இரண்டு ஆழமான பல்தடங்கள். எபனைட்டைச் சூடுகாட்டினால் இப்படிப்பட்ட பள்ளங்கள் தாமே மேலெழும்பி வரும். சாதாரணமாக நான் அப்படித்தான் சரிசெய்வேன். இதில் கைவைக்கவில்லை. பாட்டி அந்தத் தடங்களைக் கட்டைவிரலால் தடவியதை நான் பார்த்திருந்தேன்.

மற்ற எல்லாம் என்னால் முடியும். விரிசல்தான் பயமுறுத்தியது. பூணுக்கு அடியிலிருந்து தொடங்கி, தலைமுடி அளவுக்கு, சுமார் ஒரு சென்டிமீட்டர் ஓடியிருந்தது. பூணைக் கழற்ற வேண்டும். விரிசலின் நுனியில் ஊசித்துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். பசை இறக்கி இறுக்கி, பூணைத் திரும்ப ஏற்ற வேண்டும். தொண்ணூறு நூறு ஆண்டு வயதான மெல்லிய வெள்ளி. என் கையில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, தொழில்முறையில் செய்பவர் ஒருவரை இணையத்தில் தேடிப் பிடித்தேன்.

அவர் தளத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. எல்லாம் பளபளவென்று மின்னின. அந்த மினுமினுப்பே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஒரு படத்திலும் முத்திரை எழுத்து அருகில் தெரியவில்லை. சீர்செய்யும் முன் எப்படி இருந்தது என்று காட்டும் படமும் இல்லை. இதையெல்லாம் நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

தொலைபேசியில் பேசினேன். மூன்று விஷயம் சொன்னேன்: விரிசலை மட்டும் சரிசெய்யுங்கள், முத்திரைகளைத் தொடாதீர்கள், வாய்க்குழலின் பல்தடங்கள் அப்படியே இருக்கட்டும். “கவலைப்படாதீர்கள், புத்தம் புதிதாக்கித் தருகிறேன்” என்றார். புதிதாக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன்? அந்தப் பதிலிலேயே நான் பின்வாங்கியிருக்க வேண்டும். தொண்ணூற்றைந்து பவுண்டு கேட்டார். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினேன். மூன்று வாரம் என்றார். நான்கு மாதம் ஆனது.

பெட்டியைப் பிரித்தவுடன் வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. பிரையர் பைப்புக்கு வார்னிஷ் அடிக்கவே கூடாது. கார்னாபா மெழுகை மெல்லிசாக ஏற்றித் துணியால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வார்னிஷ் மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். சூடு ஏறும்போது கொப்புளம் கட்டும். இதில் கண்ணாடி போலப் பூசியிருந்தார்.

தண்டின் வலப்பக்கத்தைத் திருப்பினேன். வழுவழுவென்று வெறும் மரம். ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ இல்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினால், ‘ஃப்ரீ’யின் முதல் எழுத்தில் நின்ற ஒரு கோடு மட்டும் நிழலாகத் தெரிந்தது. இடப்பக்கத்தில் ‘பீட்டர்சன்’ என்பதில் பாதிதான் மிச்சம். வேகமாகச் சுழலும் துணிச்சக்கரத்தில் ட்ரிப்போலி என்னும் தேய்ப்புப் பசையைத் தடவி, மரத்தை அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் இப்படி ஆகிவிடும். மரமுத்திரையின் ஆழம் அவ்வளவுதான். அக்கறை உள்ளவர்கள் அந்த இடத்தில் நாடா ஒட்டி மறைத்துவிட்டுத்தான் சக்கரத்தின் அருகிலேயே போவார்கள்; நான் அந்த இடத்தை விரலால் மட்டுமே மெருகேற்றுவேன். வெள்ளிப் பூணையும் அவர் சக்கரத்தில் பிடித்திருக்கிறார். ஹைபர்னியா ஒரு சின்ன மேடாக உருண்டு கிடந்தாள். யாழின் நரம்புகள் போய்விட்டன. ஆண்டெழுத்து எதுவென்று இனி எவராலும் சொல்ல முடியாது.

கிண்ணத்துக்குள் கறுப்பு மை போன்ற ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினேன், பொறுக்காக உதிர்ந்தது. அதற்கடியில், கரியடையோடு சேர்த்து மரத்தையும் கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார். வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கச் சுவர் கண்ணுக்கே மெலிந்து தெரிகிறது. உள்ளே இருக்கும் கரியடை அழுக்கு அல்ல, மரத்தை நெருப்பிலிருந்து காக்கும் கவசம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது விட்டுவைக்க வேண்டும். சுவர் மெலிந்த பைப்பில் யாராவது புகைத்தால் அந்த இடம் கருகி ஓட்டை விழும். இந்தப் பூச்சு எதை மறைக்கப் பூசப்பட்டது என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘சீர்செய்யப்பட்டது’ என்று விற்பனைக்கு வரும் பைப்பில் இப்படிக் கறுப்புப் பூச்சு இருந்தால், அதற்கடியில் என்ன இருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எதற்காக அனுப்பினேனோ அந்த விரிசலுக்கு என்ன செய்தார்? பூணைக் கழற்றவே இல்லை. மேலாக மரத்தூளையும் பசையையும் அப்பி, வார்னிஷ் அடித்திருக்கிறார். உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்திருந்து பார்த்தேன். அந்த வெதுவெதுப்புக்கே கோடு மீண்டும் தெரிந்தது.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். வாய்க்குழலையே மாற்றிவிட்டார். பி-லிப்புக்குப் பதிலாக, சாதாரண அக்ரிலிக் குழல் ஒன்று, பூணுக்குள் பொருந்தாமல் ஆடிக்கொண்டிருந்தது. உடனே அழைத்துக் கேட்டேன். “பழையது கடித்துக் குதறியிருந்தது, பல்பள்ளம் விழுந்திருந்தது, அதனால் புதிது போட்டேன். கூடுதல் பணம்கூடக் கேட்கவில்லையே” என்றார். பழையது எங்கே என்றேன். பெட்டியில் எங்கேயாவது கிடக்கும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போயிருக்கும் என்றார். அதற்குப் பிறகு ஐந்து முறை மின்னஞ்சல் எழுதிவிட்டேன்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்காக: 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒரு சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும், செய்பவர் சொன்னதை நம்பி நாம் வேலையைக் கொடுத்திருந்தால், அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தில் சேரும். ஆனால் நான் சொன்னதும் அவர் சொன்னதும் தொலைபேசியோடு போயிற்று. சட்டத்தைச் சுட்டிக்காட்டி எழுதியபின் ஐம்பது பவுண்டு திருப்பிக் கொடுத்தார். நூறு பவுண்டுக்கு மேற்பட்ட விலையைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம். நான் கொடுத்தது தொண்ணூற்றைந்து, அதுவும் வங்கி வழியாக. மீதிப் பணத்துக்காக நான் அலையவில்லை. அழிந்த முத்திரைக்கு எந்த மன்றமும் விலை வைக்க முடியாது.

ஆகவே, யாருக்கு அனுப்பினாலும், அனுப்பும் முன் ஒவ்வொரு முத்திரையையும் சாய்ந்த வெளிச்சத்தில் நெருங்கிப் படம் எடுங்கள். வாய்க்குழலைத் தனியாகக் கழற்றி, மேலும் கீழும் படம் எடுங்கள். கிண்ணத்தின் வாயை அளந்து குறித்துவையுங்கள். எதைச் செய்யக்கூடாது என்பதை எழுத்தில் அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கழற்றிய ஒவ்வொரு துண்டும், உடைந்ததானாலும், திரும்பி வரவேண்டும் என்று தனியாக ஒரு வரி சேருங்கள். “முத்திரையை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆர்வமாகப் பத்து நிமிடம் பேசுபவரிடம் கொடுக்கலாம். “கவலைப்படாதீர்கள்” என்பவரிடம் வேண்டாம்.

பாட்டியிடம் மறைக்கவில்லை. மறுநாள் மாலையே எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கையில் வாங்கியவர் முதலில் வாய்க்குழலைத்தான் திருப்பினார். கட்டைவிரல் அந்த இடத்துக்குத் தானாகப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. “ரொம்ப அழகாகத்தான் இருக்கிறது” என்று சொல்லி, கைக்குட்டையில் சுற்றாமல் மேசைமேல் வைத்தார். என்னைத் திட்டவில்லை. தேநீர் போட எழுந்து போனார்.

விரிசலை நானே சரிசெய்யப் போகிறேன். அஞ்சிய அதே பூண் வேலையை, இரண்டு வாரமாகப் பழைய நிக்கல் பூண்களைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஓர் உதவி. பழைய வாய்க்குழல்களை மொத்தமாகப் பெட்டி பெட்டியாக விற்பதும் வாங்குவதும் இந்தத் தொழிலில் வழக்கம். அது குப்பைக்குப் போகாமல் அப்படி ஒரு பெட்டியில் கிடக்கலாம். பீட்டர்சன் பி-லிப், வளைந்த எபனைட், நுனியிலிருந்து பாதிவரை பச்சை கலந்த பழுப்பு நிறம். அடிப்பக்கம், இடப்புறம், இரண்டு பல்தடங்கள் அடுத்தடுத்து. உட்புறத் தடம் சற்றே ஆழம். கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், சூடுகாட்டாதீர்கள். என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன்.