'சைக்கோ', 'ஓஷன்ஸ் லெவன்': எதை மீண்டும் எடுத்திருக்க வேண்டும்?

இரண்டும் 1960இல் வெளியான ஹாலிவுட் படங்கள். இரண்டையும் பின்னாளில் மறுபடி எடுத்தார்கள். முதலாவது வீண் வேலை என்பது என் கணிப்பு.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் திருத்த என்ன இருந்தது? குளியலறைக் கொலைக் காட்சியின் படத்தொகுப்பு வெட்டுகளும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் அலறலும் இன்றும் பதறவைக்கின்றன. 1998இல் கஸ் வான் சான்ட் அதை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே வண்ணத்தில் எடுத்தார். கோணம், வசனம், இசை எல்லாம் வந்தன. அச்சம் மட்டும் வரவில்லை. துணிச்சலான சோதனை என்று பாராட்டுபவர்களும் உண்டு. சோதனைக்கு நான் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்?

'ஓஷன்ஸ் லெவன்' அப்படியல்ல. லாஸ் வேகஸின் ஐந்து சூதாட்ட விடுதிகளை ஒரே இரவில் கொள்ளையடிப்பது என்ற அருமையான கரு. ஃபிராங்க் சினாட்ராவும் நண்பர்களும் திரையில் உல்லாசமாகத்தான் இருந்தார்கள், கதைதான் நகரவில்லை. 2001இல் ஸ்டீவன் சோடர்பெர்க் கருவை மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்று விடுதிகளின் பணம் சேரும் ஒரே பெட்டகத்தை இலக்காக்கினார். திட்டத்தின் முக்கியமான பகுதியைப் பார்வையாளரிடமிருந்தே மறைத்தார். மூலத்தில் இல்லாத விறுவிறுப்பு அங்கேதான் பிறந்தது. 2004இலும் 2007இலும் வந்த தொடர்ச்சிகளுக்கு இந்தப் பாராட்டு பொருந்தாது.