டெலஸ்கோப்பிக் டைபோல் கிட்: எந்தப் பக்கம் திருப்பினால் என்ன கிடைக்கும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எஸ்.டி.ஆர். டோங்கிளோடு (கணினியில் செருகி ரேடியோ அலைகளைப் பிடிக்கும் சின்னக் கருவி) சேர்த்தும் தனியாகவும் விற்கிற டெலஸ்கோப்பிக் டைபோல் கிட்டை, அதாவது இழுத்து நீட்டும் இரட்டைக் கம்பி ஆன்டெனாவைப் பற்றி வாங்கியவர்கள் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "சிக்னலே வரல." கிட்டில் பழுது இருப்பது அபூர்வம். இரண்டு கம்பியையும் வி மாதிரி மேலே விரித்து ஜன்னலோரம் வைத்துவிடுகிறார்கள். பார்க்க நிமிர்ந்து நிற்பதால் அது செங்குத்து ஆன்டெனா என்று தோன்றும். ஆனால் அப்படி இல்லை. ஒரு கம்பியில் மின்னோட்டம் மேலே போகும்போது மற்றதில் கீழே வரும். செங்குத்துப் பங்கு ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கிடைமட்டப் பங்கு மட்டும் மிஞ்சும். செங்குத்தாக அதிர்ந்து வருகிற அலையை அது சரியாகப் பிடிக்காது. பிறகு ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறார்கள். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். திருப்பிப் பார்க்கச் செலவே இல்லை, அதை முதலில் செய்யுங்கள்.

பெட்டியில் 23 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை நீளும் கம்பி ஒரு ஜோடி, 5 முதல் 13 செ.மீ. வரை நீளும் சின்ன ஜோடி, 60 செ.மீ. கேபிளோடு ஒரு தாங்கி, 3 மீட்டர் நீட்டிப்புக் கேபிள், வளைகிற முக்காலி, கண்ணாடியில் ஒட்டும் சக்‌ஷன் கப் ஆகியவை இருக்கும்.

நீளக் கணக்கு எளிது. 7125-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஒரு கம்பியின் நீளம் செ.மீ.-இல் கிடைக்கும். எஃப்.எம். ரெயின்போ 101.4-க்கு 70 செ.மீ.; அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4-க்கு 79 செ.மீ. எஃப்.எம். முழுவதற்கும் பொதுவாக 73 செ.மீ. வைத்தால் போதும். தாங்கிக்கு உள்ளே இருக்கும் உலோகமும் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. சேர்க்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீளத்தில் இரண்டு மூன்று செ.மீ. தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. திசையில் தவறினால்தான் அடி விழும்.

அலையின் சாய்வுக்கும் (அது அதிரும் திசைக்கும்) கம்பியின் சாய்வுக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருந்தால் 3 டெசிபெல் போகும், அதாவது பாதி சக்தி. 90 டிகிரி என்றால் கணக்குப்படி ஒன்றுமே வரக்கூடாது. நடைமுறையில் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சாய்வை மாற்றிவிடுவதால் கொஞ்சம் வரும்; ஆனாலும் 20 டெசிபெல் வரை இழப்பு சாதாரணம். இது போக, டைபோல் தன் இரு முனைகள் நோக்கும் திசையில் ஏறக்குறைய செவிடு. செங்குத்தாக வைத்தால் அந்தச் செவிட்டுத் திசைகள் வானத்தையும் தரையையும் பார்க்கும், சுற்றுப்புறம் முழுக்கச் சமமாகக் கேட்கும். கிடைமட்டமாக வைத்தால் கம்பியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்க வேண்டும். முனை நிலையத்தைப் பார்த்தால் வீண்.

செங்குத்தாக வைக்கும்போது இந்தக் கிட்டின் உண்மையான குறை தெரியவரும். 60 செ.மீ. கேபிள் கீழ்க் கம்பியை ஒட்டியே தொங்கும். அப்போது கேபிளின் வெளி உறையும் ஆன்டெனாவாக மாறி, லேப்டாப் சார்ஜரின் இரைச்சலை அப்படியே மேலே கொண்டுவரும். தாங்கியை ஒரு பிவிசி பைப்பின் நுனியில் பக்கவாட்டில் கட்டி, கேபிளைக் குறைந்தது 70 செ.மீ. கிடையாக இழுத்துச் சென்ற பிறகே கீழே இறக்குங்கள். டோங்கிள் பக்கம் ஒரு கிளிப் ஃபெரைட்டில் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) கேபிளை நாலைந்து சுற்று சுற்றுவது இன்னும் நல்லது. மல்டிமீட்டரில் கேபிளின் நடு ஊசியோடு தொடர்பு காட்டும் கம்பிதான் மேலே இருக்க வேண்டும்.

நம் ஊர் ஃப்ளாட்டுகளில் இன்னொரு தடை ஜன்னல் கிரில். எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர். கிரில் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ. அவ்வளவு நெருக்கமான செங்குத்துக் கம்பிகள் செங்குத்து அலைக்குச் சுவர் மாதிரி. கிடைக்கம்பி கிரில் கிடைமட்ட அலையைத் தடுக்கும். பூவேலை செய்த குறுக்கும் நெடுக்குமான கிரில் இரண்டையும் தடுக்கும். அதனால் சக்‌ஷன் கப்பை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவதில் அதிகப் பலன் இல்லை. ஆன்டெனாக் கம்பி கிரிலை ஒட்டி நின்றால் அதன் ஒத்ததிர்வே, அதாவது அது நன்றாகப் பிடிக்கும் அலைவரிசையே, நகர்ந்துவிடும். பால்கனியில் கிரிலுக்கு வெளியே 70 செ.மீ. தள்ளி நீட்டினால் அதே கிட் வேறு பொருள் போல வேலை செய்யும்.

சோதிக்கும்போது மென்பொருளில் ஏ.ஜி.சி.-யை (பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்து, கெயினை, அதாவது பெருக்கத்தை, ஒரே அளவில் நிறுத்துங்கள். இல்லையென்றால் நீங்கள் திருப்பித் திருப்பி வைக்க, அது தானாகவே ஈடுகட்டி வித்தியாசத்தை மறைத்துவிடும். 101.4 போன்ற பலமான நிலையத்தில் எப்படி வைத்தாலும் நன்றாகத்தான் கேட்கும், 90.4 போன்ற குறைந்த சக்தி சமுதாய வானொலியை எடுத்துக்கொண்டு, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கம்பியைத் திருப்பியதும் இரண்டு அடி விலகி நின்று அளவைப் பாருங்கள், உடம்பே அலையை மாற்றும். அறைக்குள் 75 செ.மீ. நகர்த்தினாலே உச்சம் பள்ளமாகிவிடலாம். ஆகவே முதலில் இடம், பிறகு சாய்வு.

மொட்டைமாடிக்காரர்களுக்கு இந்தக் கிட் தரும் பெரிய பலன் வானிலைச் செயற்கைக்கோள். ஒவ்வொரு கம்பியும் 53.4 செ.மீ., இரண்டுக்கும் நடுவே 120 டிகிரி, தரைக்கு இணையாகப் படுத்த வி, அதன் வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும். துருவப் பாதையில் வரும் செயற்கைக்கோள்கள் வடக்கு-தெற்காகவே தலைக்கு மேல் கடக்கும். அவை அனுப்பும் வட்டச் சாய்வு அலையை (அதிரும் திசை சுழன்றுகொண்டே வருவது) நேர்க்கம்பியில் பிடிப்பதால் 3 டெசிபெல் போகும்; பதிலுக்கு, செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பும் தரை நிலையங்களின் குறுக்கீடு நன்றாகக் குறையும். மாடித் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் வேண்டும். முக்காலி அந்த உயரம் வராது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வையுங்கள், இரும்பு மேசை வேண்டாம். அமெரிக்காவின் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்கள் மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன, பழைய வீடியோ பார்த்து அவற்றைத் தேடாதீர்கள். இப்போதைக்கு 137.1, 137.9 மெகாஹெர்ட்ஸில் ரஷ்யாவின் மெடியோர் உண்டு.

ஆகாசவாணியின் சென்னை ஏ நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸை இதில் எதிர்பார்க்க வேண்டாம். அந்த அலை 400 மீட்டருக்கு மேல் நீளம். அதற்கு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பிதான் சரி. அந்தக் கம்பியின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்து வருவது மங்கும். எல்.இ.டி. பல்போ இன்வெர்ட்டரோ கரகரத்தால், ரேடியோவைத் திருப்பி அந்த முனையைக் கரகரப்பின் பக்கம் காட்டுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வெளியே விட்டுவைத்தால் உப்புக்காற்றில் கம்பியின் அடுக்குகள் பச்சை பூத்து இறுகும், தொடர்பும் விட்டு விட்டு வரும். வேலை முடிந்ததும் துடைத்து உள்ளே எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மாடியில் வைக்கவே கூடாது. நீட்டிப்புக் கேபிள் ஆர்.ஜி. 174 என்ற மெல்லிய வகை, 100 மெகாஹெர்ட்ஸில் 3 மீட்டருக்கு ஒரு டெசிபெல்தான் போகும், ஆனால் விமான இருப்பிடத் தகவல் வரும் 1090 மெகாஹெர்ட்ஸில் மூன்று போகும். அங்கே சின்னக் கம்பிகளைச் செங்குத்தாக 6.5 செ.மீ. வைத்து, நீட்டிப்பு இல்லாமல் இணையுங்கள்.

தனியாக வாங்கும்போது கேபிள் நுனியில் இருக்கும் எஸ்.எம்.ஏ. என்ற மரைக் கனெக்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஊசி இருக்க வேண்டும். வைஃபை ஆன்டெனாவுக்கான தலைகீழ் எஸ்.எம்.ஏ. பார்க்க அப்படியே இருக்கும், மரையும் ஏறும், ஆனால் நடுவில் ஊசி இல்லாததால் சிக்னல் உள்ளே போகாது. இரண்டு கம்பிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் தொடர்பு காட்டக்கூடாது. காட்டினால் வேறு பெட்டி கேளுங்கள்.