பிகேயு பவுடர்: பல வருடம் குடித்தபின் ஒரு மதிப்பீடு

தோழி ஒருத்தியின் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் பிகேயு என்று வந்துவிட்டது. புரதத்தில் இருக்கும் ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடம்பால் சிதைக்க முடியாத பிறவி நோய் அது; அது ரத்தத்தில் தேங்கினால் மூளையைக் கெடுக்கும். அதனால் சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்து, ஈடுகட்ட ஒரு பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும். "நீ சின்ன வயதிலிருந்தே அந்தப் பவுடரைத்தானே குடிக்கிறாய், எப்படி இருக்கும், உண்மையைச் சொல்லு" என்றாள். நாறும் என்றேன். குழந்தைக்குக் கவலையில்லை, பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பிப்பவர்களுக்கு அந்தச் சுவை பழகிவிடும். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் மூக்கைச் சுளிக்காமல் இருந்தால் போதும்.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஃபினைல்அலனைனை மட்டும் விட்டுவிட்ட அமினோ அமிலக் கலவை, கூடுதலாக டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலம், வைட்டமின்கள், தாது உப்புகள். அதில் எனக்குக் குறையில்லை. என் சண்டையெல்லாம் ஷேக்கர் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தோடுதான். நகத்தால் நெம்பி எடுத்தால் அடியில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒரு கோடு. அதை வழித்தெடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து முகர்ந்து பாருங்கள், கந்தகமும் பழைய மாத்திரை டப்பாவும் சேர்ந்த அதே வாடை. புது ஷேக்கர் வாங்கினாலும் சில நாளில் அதற்கும் ஏறிவிடுகிறது.

ஒரே வேளையில் குடித்துத் தொலைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. தனி அமினோ அமிலங்கள் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும், உடம்பு அவ்வளவையும் ஒரேயடியாகப் பயன்படுத்திக்கொள்ளாது. அதனால் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். ஆகவே மதிய வேளை டோஸ் அலுவலகத்தில்தான். மூடியைத் திறந்ததும் யாராவது ஜன்னலைப் பார்ப்பார்கள். "புரோட்டீன் ஷேக்கா? ஜிம்முக்குப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்பார். புரதம் சாப்பிடக் கூடாது என்பதால்தான் புரதம் குடிக்கிறேன் என்று விளக்குவதற்குள் குடித்தே முடித்துவிடலாம். நன்றாகக் குளிரவைத்து, மூடியைத் திறக்காமல் ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் வாடை பாதியாகிறது.

இதில் "மேம்படுத்தப்பட்ட சுவை" என்று சமீபத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள். பழைய நாற்றம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் செயற்கைப் பழ வாசனை. யார் கேட்டார்கள்?

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பால் புரதத்திலிருந்து எடுக்கும் கிளைகோமேக்ரோபெப்டைடு வகைப் பவுடர் குடிக்க எவ்வளவோ தேவலை, ஆனால் அதில் கொஞ்சம் ஃபினைல்அலனைன் ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு நான் எடுத்துக்கொள்ளக்கூடிய ஃபினைல்அலனைன் கணக்கில் அதற்கு இடமில்லை. 2007இல் வந்த சாப்ராப்டெரின் என்ற மருந்து எல்லோருக்கும் வேலை செய்யாது, எனக்குச் செய்யவில்லை. 2018இல் வந்த பெக்வாலியேஸ் ஊசி சிலருக்கு வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. ஒவ்வாமை பயத்தில் நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஒருமுறை டப்பா வந்து சேரத் தாமதமாகிவிட்டது. சாப்பாட்டில் ஒரு கிராம்கூடக் கூட்டவில்லை, தராசில் நிறுத்துத்தான் சாப்பிட்டேன். ஆனாலும் ரத்தத்தில் ஃபினைல்அலனைன் அளவு லிட்டருக்கு 600 மைக்ரோமோலைத் தாண்டிவிட்டது. பவுடர் இல்லையென்றால் உடம்பு தன் தசையையே உடைத்துப் புரதம் தேடும், அதிலிருந்தும் ஃபினைல்அலனைன் வரும். காய்ச்சல் வந்தால் எகிறுவதும் இப்படித்தான். அந்த நாட்களில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். மறுபடி குடிக்க ஆரம்பித்த பிறகு தலை தெளிந்தது. எந்தக் காபியும் இதைச் செய்யாது.

நார்வேயில் அஸ்ப்யோர்ன் ஃபோலிங் இந்த நோயைக் கண்டுபிடித்தது 1934இல். அதன்பின் பல ஆண்டுகளுக்கு மருந்தென்று எதுவும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கலும் மற்றவர்களும், பால் புரதத்தை அமிலத்தில் சிதைத்துக் கரியால் சுத்திகரித்து முதல் கலவையைத் தயாரித்தார்கள். அது எப்படி நாறியிருக்கும் என்று யோசித்தால் என் டப்பாமேல் கொஞ்சம் இரக்கம் வருகிறது. அந்தக் கலவை வராமல் போயிருந்தால், இப்படி உட்கார்ந்து குறை எழுதும் அளவுக்கு என் மூளை வளர்ந்தே இருக்காது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஐந்துக்கு இரண்டுதான் தருகிறேன். அந்தப் பழ வாசனையை எடுத்துவிட்டால் இரண்டரை. ரப்பர் வளையமே இல்லாத, ஆனால் ஒழுகாத ஷேக்கர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், உடனே வாங்கிவிடுகிறேன்.