மாட்டிய கணவாய் ஜிக்: இழுப்பதா, சுண்டுவதா, ரிட்ரீவர் விடுவதா?

கணவாய் பிடிக்க வீசும் போலி இரையான ஜிக் கடலடியில் போய் மாட்டியதும் கை தானாகச் செய்வது ஒன்றுதான்: ராடை, அதாவது தூண்டில் கோலை, தூக்கி வெடுக்கென்று இழுப்பது. அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த ஒப்பீடே.

காரணம் ஜிக்கின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறால் போன்ற உடல், மூக்குப் பக்கம் வயிற்றடியில் ஈயத் தகடு, வால் நுனியில் இரண்டு அடுக்காகக் குடை விரித்த மாதிரி முட்கள். அந்த முனைகள் எல்லாம் மூக்கைப் பார்த்து வளைந்திருக்கும். தூண்டில் நரம்பு கட்டுவதும் மூக்கில்தான். அதனால் நாம் இழுக்க இழுக்க முள் உள்ளேதான் ஏறும். வெளியே வரவேண்டுமானால் ஜிக் வால் பக்கமாகப் பின்னே போகவேண்டும். நல்ல வேளையாக, சாதாரணத் தூண்டில் முள்ளில் இருப்பது போல முனைக்குக் கீழே கழலாமல் தடுக்கும் எதிர்முள் இதில் கிடையாது. ஒரு விரல் கனம் பின்னே நகர்ந்தாலே பெரும்பாலும் கழன்றுவிடும். ஆகவே எந்த முறையையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: ஜிக்கை முன்னே இழுக்கிறதா, பின்னே தள்ளுகிறதா?

முறைக்குப் போகுமுன் எதில் மாட்டியிருக்கிறது என்று கையால் கேட்டுப் பார்க்கவேண்டும். நரம்பை மெதுவாக விறைப்பாக்குங்கள். பஞ்சை இழுப்பது போல் கொஞ்சம் கொடுத்துக் கொடுத்து வந்தால் பாசி. சுவரில் கட்டியது போல் அசையாமல் நின்றால் பாறை. ஒரு முழம் வந்து, விட்டதும் அப்படியே திரும்பிப் போனால் கயிறு அல்லது பழைய வலை. கனமாக ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்தால் அவசரப்படாதீர்கள், அது பேய்க்கணவாயாகவும் (ஆக்டோபஸ்) இருக்கலாம்.

பாசி என்றால் மட்டும் இழுப்பதற்கு என் ஆதரவு உண்டு. அதுவும் வெடுக்கென்று அல்ல. ராடை ஜிக் இருக்கும் திசைக்கு நேராக நீட்டி, ஒரே சீராக. பாசி இலை கிழிந்தோ தண்டு அறுந்தோ வந்துவிடும். அதே பாசியில் நரம்பைச் சுண்டினால் ஜிக் அந்த இலைக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும், பயன் குறைவு.

பாறைக்கு இது தலைகீழ். அங்கே என் முதல் தேர்வு எப்போதும் சுண்டுவதுதான். ராடு நுனியைக் கொஞ்சம் உயர்த்தி, நுனி லேசாக வளையும் அளவுக்கு நரம்பைச் சுற்றி விறைப்பாக்குங்கள். ராடு பிடித்த கையின் ஆள்காட்டி விரலால், ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலை அழுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிராக் (ரீலின் பிரேக்) இளகி நரம்பு ஓடிவிடும். மறு கையால், ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே நரம்பை இரண்டு விரலில் பிடித்து, வில்லின் நாணை இழுப்பது போல ராடிலிருந்து ஒரு சாண் விலக்கி, சட்டென்று விடுங்கள். 'டங்' என்று ஒரு சத்தம் வரும். விட்ட அந்தக் கணத்தில் விறைப்பு முழுதும் போய்விடுகிறது. முன்னே இழுத்துக்கொண்டிருந்த பிடி விட்டதும் ஜிக் ஒரு துள்ளுத் துள்ளிப் பின்வாங்குகிறது. ஒரு தடவையில் விடவில்லை என்று கைவிடாதீர்கள். பத்து, பதினைந்து தடவை சுண்டலாம். நுனி திடீரென்று நிமிர்ந்து நரம்பு தொய்ந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ராடைத் தூக்கி ஜிக்கை அடியிலிருந்து எழுப்பிவிடுங்கள், தாமதித்தால் அடுத்த இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

இதே வேலையை ராடு நுனியை மட்டும் படபடவென்று ஆட்டியும் செய்யலாம். தொய்வு, விறைப்பு, தொய்வு என்று மாறி மாறிப் போகும். பக்கத்தில் விழுந்த ஜிக்குக்கு அது போதும். நாற்பது, ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஆட்டம் தண்ணீரிலேயே கரைந்துவிடுகிறது. சுண்டுவதுதான் தூரம் போகிறது.

சுண்டியும் அசையவில்லையா, நின்ற இடத்தை மாற்றுங்கள். ரீலின் கம்பி வளையமான பெயிலைத் திறந்து நரம்பு விட்டபடி பக்கவாட்டில் இருபது அடி நடந்து, அங்கிருந்து மறுபடி சுண்டுங்கள். ஜிக் எந்தப் பக்கமிருந்து இடுக்குக்குள் நுழைந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் போக முடிந்தால் பாதி வேலை முடிந்தது. படகில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை அதிகம். ஜிக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் இழுப்பதே பின்னே தள்ளுவதாக ஆகிவிடுகிறது. அவர்கள் சுண்டுவதற்கு முன்பே இதைச் செய்யலாம். வழுக்குப் பாறையில், அதுவும் இருட்டில், ஜிக்குக்காக நடக்கவேண்டாம்.

அடுத்தது ரிட்ரீவர். நரம்பில் கோத்து, தனிக் கயிற்றில் கட்டிக் கீழே விடும் கனமான எடை இது. வழுக்கிக்கொண்டு போய் ஜிக்கின் மூக்கில் மோதும். தூக்கித் தூக்கி விட்டால் ஒவ்வொரு அடியும் ஜிக்கைப் பின்னே தள்ளும். என் கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது. படகிலோ உயரமான அலைத்தடுப்புச் சுவரிலோ நின்று, ஜிக் ஏறத்தாழக் காலுக்கு நேர்கீழே மாட்டியிருந்தால் வேறு எதையும் முயலாமல் இதையே எடுங்கள். ஆனால் கரையிலிருந்து தூரமாக வீசியிருந்தால் நரம்பு படுத்த கோணத்தில் போகும். எடை பாதி வழியிலேயே அடியில் தட்டி நின்றுவிடும். சில சமயம் அதுவே பாறையில் மாட்டிக்கொள்ளும். கரை வீச்சுக்கு ரிட்ரீவரை நம்பிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எதுவும் பலிக்காவிட்டால் நேர் இழுப்பு. இதில் இரண்டு வாய்ப்பு உண்டு: மெல்லிய முள் நிமிர்ந்து ஜிக் வரலாம், அல்லது நரம்பு அறும். ராடை வளைத்து இழுக்கக் கூடாது. நான் ஒருமுறை அப்படி இழுத்து, நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ராடு முறிந்தது, ஜிக்கும் வரவில்லை. நரம்புக்கு நேராக ராடை நீட்டி, ஸ்பூலை அழுத்திப் பிடித்து, பின்னால் நடக்கவேண்டும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், சதையை அறுத்துவிடும். ஒரு கட்டையில் நாலைந்து சுற்றுச் சுற்றி இழுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், விடுபட்ட ஜிக் அத்தனை முட்களோடு நம்மை நோக்கித்தான் பறந்து வரும்.

இங்கேதான் லீடர், அதாவது பிரெய்டுக்கும் ஜிக்குக்கும் நடுவே கட்டும் துண்டு நரம்பின் தேர்வு முக்கியமாகிறது. 0.8 எண் (எண் என்பது நரம்பின் தடிமன் அளவு) பிரெய்டுக்கு 2 எண் ஃப்ளோரோகார்பன் நரம்பு, அதாவது சுமார் 8 பவுண்டு இழுவை தாங்கும் லீடர் போட்டிருந்தால், முடிச்சுகள் சரியாக இருக்கும்பட்சத்தில் ஜிக் பக்கத்தில்தான் அறும். கடலில் மிஞ்சுவது சிறு துண்டு நரம்பு. கனமான லீடர் ஜிக்கைக் காப்பாற்றும் என்று நினைத்துப் போட்டால் பிரெய்டு நடுவில் அறுந்து, பல மீட்டர் நரம்பு அடியில் கிடந்து ஆமையையும் பறவையையும் சுற்றும். இந்தக் கணக்கில் ஜிக்கை விட்டுக்கொடுப்பதையே நான் தேர்வேன்.

மீட்ட ஜிக்கை அப்படியே திரும்ப வீசாதீர்கள். லீடரின் கடைசி ஒரு மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நிமிர்ந்த முள்ளைக் குறட்டால் வளைத்து, முனையை நகத்தில் வைத்து லேசாக இழுங்கள். நகத்தில் பிடித்து நின்றால் வீசலாம். வழுக்கினால் அந்த ஜிக் பெட்டிக்குள் போகட்டும்.